திரும்பி வராதவருக்குப் போடும் இலை

பெரிய சூதாட்ட மாளிகைகளான கேசினோக்களுக்குள் ஒரு நூடுல்ஸ் கடை அநேகமாக இருக்கும். லாஸ் வேகாஸ் போன்ற ஊர்களில் அதைச் சீட்டு மேசைகளுக்குப் பக்கத்திலேயே வைப்பதுண்டு. ஆசிய நாடுகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் நள்ளிரவிலும் சூடாக ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் மேசைக்குத் திரும்ப வேண்டும் என்பது மாளிகைக்காரர்களின் கணக்கு. அங்கே சாப்பிட்டவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான். ருசி சுமார், விலை கொள்ளை. நம் மாவட்டத்தில் கேசினோ கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதுமில்லை. கோவாவுக்கும் கொழும்புக்கும் மலேசியாவின் கெந்திங் மலைக்கும் போய்வருகிறவர்களுக்கு மட்டுமே அந்தக் கிண்ணத்தின் அனுபவம் இருக்கும். ஆனால் அந்தக் கிண்ணத்தைச் சுமாராகவும் விலை கூடியதாகவும் ஆக்கும் காரணங்கள் நாஞ்சில் நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரிக் கடற்கரையில், ஒவ்வொரு நாளும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்விட்டுக் கடைசியாக நம் முனைக்கு வந்து சேரும் ஒரு குடும்பம் நம் மண்ணின் சோறு என்று எதை நினைத்துக்கொண்டு ரயிலேறுகிறது என்பது நமக்கு ஒரு பொருட்டாக இருக்க வேண்டும்.

நூடுல்ஸ் எளிய பண்டம்தான். மாவு, தண்ணீர், உப்பு. சீன, ஜப்பானிய வகைகள் சிலவற்றில் சிறிதளவு காரத்தன்மையுள்ள உப்பும் சேரும். இழைக்கு மஞ்சள் நிறத்தையும் பல்லில் படும் அந்தத் துள்ளலையும் கொடுப்பது அதுதான். உழைப்பு முழுவதும் சாற்றில் இருக்கிறது. எலும்பை மணிக்கணக்கில் வேகவைத்து, நுரை எடுத்து, தீயைக் கவனித்து இறக்க வேண்டும். இழையை ஆள் வந்து கேட்ட பிறகே கொதிநீரில் போட வேண்டும். இவ்வளவையும் தவிர்க்க வழியுண்டு. டப்பாவில் வரும் சாற்றுக் குழம்பை வெந்நீரில் கரைக்கலாம். இழைகளை முன்னமே அவித்து வைத்துத் திரும்பச் சூடாக்கலாம். பார்வைக்கு இரண்டு கிண்ணங்களும் ஒன்றுபோல இருக்கும். எந்த வழியைச் சமையலறை தேர்ந்தெடுக்கிறது என்பது சமையல்காரரின் கைத்திறமையைவிட, சாப்பிட்டவர் நாளைக்கும் வருவாரா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது. சிங்கப்பூரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மரினா பே சாண்ட்ஸ் கேசினோ 2010இல் திறந்த அதே நகரத்தில், கிராஃபோர்ட் லேனில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஹில் ஸ்ட்ரீட் தாய் ஹ்வா என்றொரு பன்றியிறைச்சி நூடுல்ஸ் கடை இருக்கிறது. 2016இல் சிங்கப்பூருக்கு, உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேடு முதன்முதலாக வந்தபோது அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. சின்னக் கடை, நீண்ட வரிசை. அந்த வரிசையை வருடக்கணக்காகக் கட்டிக்காத்தவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். சாறு ஒருநாள் நீர்த்துப்போனாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கன்னியாகுமரிக்கு வருவோம். 1970இல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபமும், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் 133 அடி திருவள்ளுவர் சிலையும் திறக்கப்பட்டன. இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. வருகிறவர்களில் பலர் அதிகாலையில் சூரிய உதயம், பிறகு படகுக்கு வரிசை, பகவதியம்மன் கோவில், காந்தி மண்டபம், சாயங்காலம் அஸ்தமனம் என்று முடித்துக்கொண்டு ராத்திரி வண்டியைப் பிடிப்பவர்கள். ஆயுளில் ஒருமுறை வருவதே பெரிது என்று வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் புறப்பட்டு வருகிறவர்கள் அதில் நிறைய. அவர்களுக்காகக் கடற்கரைச் சாலையில் இந்தியிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் பலகைகள் தொங்குகின்றன. உள்ளே போனால் பஞ்சாபி, தந்தூரி, சைனீஸ் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். ஒரு சின்ன அடுப்பங்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட அயிட்டங்கள் என்றால், காலையிலேயே வெங்காயமும் தக்காளியும் போட்டுக் காய்ச்சிய பொதுக் கிரேவி ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் தாய் என்று பொருள். பன்னீரைப் போட்டால் ஒரு பெயர், பட்டாணியைப் போட்டால் இன்னொரு பெயர். நூடுல்ஸும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. அவித்து எண்ணெய் தடவி வைத்த குவியலிலிருந்து ஒரு கை அள்ளி, சோயா சாஸும் முட்டைக்கோசும் சேர்த்துப் பிரட்டித் தருவது.

எல்லாக் கடைகளையும் சேர்த்துச் சொல்வது நியாயமல்ல. அதே முனையில், பின்சந்துகளில், நல்ல மீன்குழம்புச் சாப்பாடு போடும் கடைகள் இருக்கின்றன. அங்கே சாப்பிடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் என் வாதம் விளங்கும். சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போய்வருகிற மீன்பிடித் தொழிலாளிகள், ஆட்டோக்காரர்கள், கடற்கரையில் படம் பிடிக்கிறவர்கள், அலுவலக ஊழியர்கள். இன்று அயிலை பழசாக இருந்தால் நாளைக்கு இந்தக் கூட்டம் வராது. இருபது கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலுக்குப் போனால் ஊர் முழுக்கவே அந்த நிலைதான். புட்டும் பயறும் பப்படமும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், ரசவடையும் அங்கே தரம் குறையாமல் கிடைப்பதற்குக் காரணம், கடைக்காரரின் முகத்தை மறுநாளும் பார்க்கப்போகிற ஆட்கள் சாப்பிடுவது. தேங்காயைப் பொறுமையாகக் கருகாமல் வறுத்து, மையாக அரைத்து வைக்கிற தீயல் நம் சமையலின் உச்சங்களில் ஒன்று. அதில் நேரத்தைக் குறைத்தால் முதல் உருண்டையிலேயே தெரிந்துவிடும். ஆனால் தெரிந்துகொள்ளப் பழகிய நாக்கு வேண்டும். கொல்கத்தாவிலிருந்து வந்தவருக்கு அந்த அளவுகோல் இல்லை. அவரிடம் தீயலை நீட்டவும் பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்தைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

கடைகள் பெருகினால் போட்டியில் தரம் தானாக உயரும் என்று சொல்வார்கள். கன்னியாகுமரியில் கடைகளுக்குப் பஞ்சமேயில்லை. வரிசையாக நிற்கின்றன, வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கிறார்கள். போட்டி இருக்கிறது, ஆனால் அது ஆளை உள்ளே இழுக்கும் போட்டி. சமையலில் அதற்கு வேலையில்லை. வாங்குகிறவருக்குப் பண்டத்தின் தரம் முன்கூட்டியே தெரியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல விலகிப்போய் மட்டமான சரக்கே மிஞ்சும் என்று பழைய கார் விற்பனையை உதாரணமாக்கி 1970இல் எழுதினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். உணவகங்களைப் பற்றி இன்னும் நேரடியான ஆய்வு உண்டு. ஜிஞ்சர் ஜின், பிலிப் லெஸ்லி என்ற இருவர் லாஸ் ஏஞ்சலிஸ் உணவகங்களின் சுகாதாரப் பரிசோதனை மதிப்பெண்களை எடுத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வருகிற வாடிக்கையாளர்கள் அதிகமுள்ள பகுதிகளில், நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை கூடுதலாக இருந்து அது சுத்தத்தில் வெளிப்பட்டது என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. ஒரே வட்டாரம், ஒரே சட்டம், ஒரே அதிகாரிகள். சாப்பிட வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து சமையலறை மாறியிருக்கிறது.

வருகிறவர் திரும்ப வராதது ஒருபுறம் இருக்க, கடையைத் தேர்ந்தெடுப்பவரும் காசு கொடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது இதை மேலும் கெடுக்கிறது. நெடுஞ்சாலை மோட்டல்களில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் தனி மேசையில் இலவசச் சாப்பாடு என்பது ஊரறிந்த வழக்கம். சுற்றுலா வேன்களை ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் கமிஷன் என்பதும் தொழிலில் இருப்பவர்கள் மறுக்காத சங்கதி. அந்தக் கமிஷன் எங்கிருந்து வருகிறது? பயணியின் பில்லிலிருந்துதான். கேசினோவில் இது இன்னும் முழுமையாக நடக்கிறது: ஆட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஒரே நிர்வாகம், வெளியே போக மனமில்லாத விருந்தாளி.

இதற்கு உடனே வருகிற பதில், வாடகை. கடற்கரையில் கடை பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும் என்பார்கள். சபரிமலை சீசனுக்கு, கார்த்திகையிலிருந்து தை வரை, உள்ளாட்சி நிர்வாகம் விடுகிற சீசன் கடை ஏலத்தில் கடை எடுத்தவர், போட்ட பணத்தை அறுபது நாளில் எடுத்தாக வேண்டும். தனிப்பட்ட கடைக்காரரைப் பொறுத்தவரை இது முழு உண்மை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிக் கிடக்கின்றன. 1817இல் டேவிட் ரிக்கார்டோ தானிய விலையைப் பற்றி ஒன்றைத் தெளிவாக்கினார். நிலவாடகை அதிகமாக இருப்பதால் தானியம் விலை கூடவில்லை. தானியம் விலை கூடியிருப்பதால்தான் நிலத்துக்கு அந்த வாடகை கிடைக்கிறது என்றார். பாட்டத்துக்கு வயல் எடுத்து நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்வாய்த் தண்ணீர் முதலில் பாயும் வயலுக்குப் பாட்டம் கூடுதல், ஏனென்றால் அதில் விளைச்சல் கூடுதல். கடற்கரைக் கடைக்கு ஏலம் ஏறுவதும் அதனால்தான். இடம் தெரியாத பயணியிடம் கூடுதல் விலை வாங்க முடியும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிகிறது. அந்தக் கூடுதலில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குக் கடை. வாடகையைப் பாதியாக்கி மற்றதையெல்லாம் அப்படியே விட்டால் சாப்பாட்டு விலை இறங்காது. மிச்சப் பணம் கடைக்காரரின் பையில் சேரும், அவ்வளவுதான்.

விலையைத் தீர்மானிப்பது இடத்துக்குச் சொந்தக்காரரின் முடிவே என்பதற்குச் சான்று கேசினோவின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1940களில் லாஸ் வேகாஸின் எல் ராஞ்சோ வேகாஸ் விடுதி ஒரு டாலருக்கு வயிறாரச் சாப்பிடும் நள்ளிரவு பஃபேயைத் தொடங்கியது. மற்ற விடுதிகளும் அதைப் பின்பற்றின. சாப்பாட்டில் நட்டம்தான். ஆனாலும் பசி என்று ஆட்டக்காரர் எழுந்து வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்த ஊரின் வருமானக் கணக்கு மாறியது. 1990களின் இறுதியில் பெரிய கேசினோக்கள் நிறைந்த ஸ்ட்ரிப் வீதியில் அறை, உணவு, கேளிக்கை ஆகியவற்றின் வருமானம் சூதாட்ட வருமானத்தைத் தாண்டியது. தூண்டிலாக இருந்த சாப்பாடு அறுவடைக்குரிய வயலாக மாறிவிட்டது. அடைபட்ட விருந்தாளி அப்போதும் இருந்தார், இப்போதும் இருக்கிறார். அவரிடம் என்ன வாங்குவது என்று இடத்துக்குச் சொந்தக்காரர் எடுத்த முடிவுதான் மாறியது. அடைபட்டவரிடம் கூடுதல் வாங்குவது இயற்கை விதி என்று சொல்லப்படுவதை இந்த ஒரு வரலாறே உடைக்கிறது.

வழிப்போக்கரின் பசி நம் பக்கத்துக்குப் புதிதுமல்ல. திருவிதாங்கூர் அரசு வழிநெடுக, இலவசச் சோறு போடும் ஊட்டுப்புரைகளை நடத்தியது. ஒருமுறை மட்டும் வருகிறவருக்குச் சந்தை நல்ல சோறு போடாது என்பதை அன்றைய ஆட்சி ஒருவகையில் உணர்ந்து, பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சோறு பெரும்பாலும் பிராமணர்களுக்கே வைக்கப்பட்டது. வரி கொடுத்த மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அந்த அநீதியை மறந்துவிட்டு ஊட்டுப்புரைக் காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை. பொறுப்பு என்ற அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகட்டுமே என்பது அடுத்த ஆட்சேபம். சட்டமும் பெருமளவு அந்தப் பக்கமே நிற்கிறது. ஓட்டலில் உட்கார்ந்து வாங்கும் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. வெளி உணவைத் திரையரங்குக்குள் அனுமதிக்காமலிருக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் சொன்னது. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதித்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. அப்படிச் சேர்த்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தனியார் இடத்தில் தனியார் விலை வைப்பதை நானும் எதிர்க்கவில்லை. ஆனால் கடற்கரை தனியார் இடமல்ல. சீசன் கடை நிற்கும் மண் பொதுமண். அதை யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுப்பது என்று தீர்மானிப்பது மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அமைப்பு. அந்த அமைப்பு கூடுதல் ஏலத்தொகை ஒன்றையே தகுதியாக வைத்தால், பயணியிடம் யார் அதிகம் கறக்கத் துணிகிறாரோ அவரைத் தேடிப் பிடித்து உட்கார வைக்கிறது.

கைபேசி வந்துவிட்டதே, நட்சத்திரம் பார்த்துத்தானே இப்போது சாப்பிடப் போகிறார்கள் என்றும் கேட்கலாம். இதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து உணவகங்களை ஆராய்ந்த மைக்கேல் லூக்கா, யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகக் கண்டார். ஒருமுறை வருபவர் அடுத்த ஒருமுறை வருபவருக்குச் சொல்லிவிட்டுப் போக இது வழி செய்கிறது. அந்த அளவில் திரும்பி வராத குறை தீருகிறது. ஆனால் பொய் மதிப்புரைகளின் தொல்லை அவ்வளவு இருந்ததால்தான் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட வேண்டி வந்தது, அதுவும் கட்டாயமில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், படகிலிருந்து உச்சிவெயிலில் இறங்கி, அழும் பிள்ளையோடும் நடக்க முடியாத தாயாரோடும் நிற்பவர் திரையைத் தடவிக்கொண்டு நிற்க மாட்டார். எதிரே தெரியும் வாசலுக்குள் நுழைவார். அவருக்கு உதவுவது அந்த வாசலிலேயே இருக்க வேண்டும்.

வாசலில் என்ன வைக்கலாம் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1997 இறுதியில் உணவகச் சமையலறைகளின் அழுக்கை ஒரு தொலைக்காட்சி மறைகேமராவில் காட்டிய பிறகு, லாஸ் ஏஞ்சலிஸ் நிர்வாகம் 1998 ஜனவரி முதல் பரிசோதனை மதிப்பெண்ணைப் பெரிய எழுத்து அட்டையாக வாசலில் தொங்கவிட வைத்தது. மதிப்பெண்கள் உயர்ந்தன. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சுகாதார மதிப்பீட்டுத் திட்டம் உண்டு. விரும்பியவர்கள் சேரலாம் என்ற அளவில் நிற்கிறது. விலைக்கும் முன்னுதாரணம் உண்டு. ரயில் நிலையத்தில் ரயில் நீர் ஒரு லிட்டர் 15 ரூபாய்க்கு விற்றது, 2025 செப்டம்பரில் 14 ரூபாயானது. பயணி அடைபட்டவர் என்பதாலேயே அந்த விலை கட்டிவைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். மற்ற கடைகள் தங்கள் விலையில் தொடர்ந்து விற்கின்றன. பக்கத்தில் ஒரு நியாயவிலை இருக்கிறது, அவ்வளவே. சிங்கப்பூரில் வீட்டுவசதிக் கழகத்துக்குச் சொந்தமான காப்பிக்கடைகள், 2023 முதல் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மலிவு விலைச் சாப்பாட்டை வைத்தே ஆக வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை. அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

விலையைக் கட்டினால் தரம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. எல்லாப் பண்டத்துக்கும் விலை கட்டினால் சாம்பாரில் தண்ணீர்தான் கூடும். அதனால் ஒரே ஒரு சாப்பாட்டுக்கு மட்டும், இன்ன அளவு என்று எழுதி, விலையை வைக்கலாம். அது நம் மண்ணின் சாப்பாடாக இருக்கட்டும்: சோறு, குழம்பு, ஒரு தொடுகறி, ஒரு மட்டிப்பழம். நூடுல்ஸும் பன்னீரும் விற்பவர் தம் விருப்பப்படி விற்கட்டும். சிறு கடைக்காரர் இதனால் நசிந்துபோவார் என்பதும் சரியல்ல. ஏலத்தொகையை மட்டும் பார்க்காமல் தரத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால் தொகை இறங்கும், முதலீடு குறைந்த உள்ளூர்க்காரர் ஒருவர், ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, கடை எடுக்க முடியும். குறைவது ஏல வருமானம். அதைப் பொறுத்துக்கொள்ளும்படி உள்ளாட்சி நிர்வாகத்தைக் கேட்கிறேன்.

அடுத்த கார்த்திகைக்கு முன் வரும் ஏல அறிவிப்பில் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் அளவோடு கூடிய விலைப்பலகை வாசலில் இருக்க வேண்டும். சுகாதார மதிப்பீட்டு அட்டை அதன் பக்கத்தில் தொங்க வேண்டும். கட்டிய விலையில் ஒரு நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு எந்நேரமும் கிடைக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் இதை வார்டு உறுப்பினரிடம் இப்போதே கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சாப்பிட்டுவிட்டு ரயிலேறியவர் வந்து கேட்கப்போவதில்லை.